வெளிக்குப் போதல்

தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் கண்ணில் படுகிற சுவரெழுத்து ஒன்று உண்டு. மூலம், பவுத்திரம், விரைவீக்கம் என்று பெரிய எழுத்தில் தொடங்கி, ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரக் குணம் என்று முடியும். அதன் கீழே மாதத்தில் இன்ன தேதியில், இன்ன லாட்ஜில், இன்ன அறையில் மருத்துவர் தங்கியிருப்பார் என்ற தகவல். கட்டணக் கழிப்பறைக்குள் போனால், உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக வருகிற உயரத்தில் அதே செய்தி சிறிய தாளில் ஒட்டப்பட்டிருக்கும். தம் வாடிக்கையாளர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் எந்த மனநிலையில் இருப்பார் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிந்த வேறு விளம்பரதாரர்களை நான் கண்டதில்லை.

இந்தத் தொழில் செழிப்பதற்கான காரணம் நோயின் பெருக்கம் மட்டுமல்ல. அந்த நோயை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது என்பதும்தான். லாட்ஜில் தங்கும் மருத்துவரிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவர் நம் ஊர்க்காரர் அல்ல. அடுத்த மாதம் வரை அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

என் அம்மா தமிழாசிரியை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலக்கணம் நடத்தியவர். ஒன்பதாம் வகுப்பில் நானும் அவரிடமே படித்தேன். இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று கரும்பலகையை இரண்டாகப் பிரித்து எழுதி, தகுதி வழக்கின் கீழே இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று வரிசைப்படுத்துவார். இடக்கரடக்கலுக்கு எடுத்துக்காட்டு சொல்ல வேண்டிய இடம் வரும்போது வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கும். "கால் கழுவி வந்தான்", "வெளிக்குப் போனான்" என்று அம்மா நிறுத்தி நிதானமாகச் சொல்லுவார். அவையில் சொல்லத்தகாத சொல்லைத் தக்க சொல்லால் மறைத்துச் சொல்லுதல் என்று இலக்கணம் சொல்லிவிட்டு, சிரித்தவர்களை எழுப்பி நிற்க வைப்பார்.

அந்தப் பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கழிப்பறை கிடையாது. மாணவிகளுக்கும் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில்தான் ஒன்று கட்டினார்கள். அதற்கும் தண்ணீர் வர மேலும் சில ஆண்டுகள் ஆயின. காலை ஏழேகாலுக்குப் பேருந்து பிடிக்கும் அம்மா, மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் வரை எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு இருந்தார். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். மத்தியானச் சாப்பாட்டையும் பாதியாக்கினார். அவருடன் பணியாற்றிய மற்ற ஆசிரியைகளும் இப்படியே வாழ்ந்தார்கள். எங்கள் பக்கத்துக் கிராமப் பெண்களுக்கோ விடியலுக்கு முன் ஒரு வேளை, இருட்டிய பின் ஒரு வேளை. அதற்கு இடையில் வயிறு கூப்பிட்டால் கேட்காததுபோல் இருந்துவிட வேண்டும்.

வயிறு கூப்பிடுவது என்பது வெறும் பேச்சு வழக்கு அல்ல. உணவு இரைப்பைக்குள் இறங்கியதுமே பெருங்குடலுக்கு ஒரு சமிக்ஞை போகிறது. அது விழித்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. காலை எழுந்து காபி குடித்ததும் பலருக்குத் தோன்றும் உந்துதல் இதுவே. சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளம். உணவின் சத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்ட பிறகு, நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கூழான திரவத்தைப் பெருங்குடலிடம் ஒப்படைக்கிறது. பெருங்குடல் ஒன்றரை மீட்டர்தான். அதன் முக்கிய வேலை அந்தத் திரவத்தில் இருக்கும் நீரையும் உப்பையும் மீட்டெடுப்பது. நூறு, இருநூறு மில்லிலிட்டர் நீரைத் தவிர மற்றதை அது திரும்ப உடலுக்குக் கொடுத்துவிடுகிறது. கரிசல்காட்டுச் சம்சாரி கோடையில் கிணற்று நீரைச் செலவிடுகிற கணக்கு அது. சிக்கலும் இங்கேதான். மலம் எவ்வளவு நேரம் அங்கே தங்குகிறதோ அவ்வளவு நேரமும் நீர் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். மலக்குடல் விரிந்து தரும் அறிவிப்பைத் தொடர்ந்து புறக்கணித்தால், சில ஆண்டுகளில் அந்த அறிவிப்பே மழுங்கிப் போகிறது. பிறகு இறுகிய மலம், முக்கல், அந்த முக்கலின் அழுத்தத்தில் ஆசனவாயின் இரத்தநாளத் திண்டுகள் வீங்கிச் சரிதல். அதுதான் மூலம். இறுகிய மலம் தோலைக் கிழித்தால் அது வெடிப்பு. இரண்டையும் நம்மவர்கள் மூலம் என்றே சொல்வார்கள். ஆனால் உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது, இரத்தம் மட்டும் சொட்டும். வெடிப்போ கண்ணாடித் துண்டு அறுப்பதுபோல் வலிக்கும்.

வெடிப்பின் வலியை வெளிப்படையாக எழுதிவைத்த இந்தியர் ஒருவர் உண்டு. 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் சேர்க்க அலைந்த காந்திக்குக் கடுமையான வயிற்றுக்கடுப்பு வந்தது. அது அவரை ஏறக்குறைய மரணத்தின் அருகே கொண்டுபோனது. தேறி வரும்போது ஆசனவாய் வெடிப்பு. கழிக்கும்போது ஏற்பட்ட வேதனையால் சாப்பிடுவதை நினைத்தாலே அச்சமாக இருந்தது என்று சத்திய சோதனையில் ஒளிவில்லாமல் சொல்லியிருக்கிறார். 1919 தொடக்கத்தில் மும்பையில் டாக்டர் தலால் அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தார். பால் அருந்துவதில்லை என்ற விரதத்தில் ஆட்டுப்பால் நுழைந்ததும் அப்போதுதான். ஆட்டுப்பாலுக்கு விரதம் தடையல்லவே என்று வழி காட்டியவர் கஸ்தூரிபா. ரௌலட் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தை நடத்திய மனிதர் அதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கே படுத்திருந்தார் என்று நம் பாடநூல்கள் சொல்லுவதில்லை. அவரோ தென்னாப்பிரிக்காவில் மலச்சிக்கலுக்காக அடிவயிற்றில் ஈரமண் பட்டி கட்டிக்கொண்டதைக்கூட மறைக்கவில்லை. எங்கள் கரிசலில் கி.ராஜநாராயணனிடம் இந்த வெளிப்படை இருந்தது. ஊர்க்காரர்கள் மறைவாகச் சொல்லிச் சிரிக்கிற கதைகளைக் கூச்சமில்லாமல் அவர் தொகுத்தார். மற்றபடி நம் நவீன இலக்கியம் உடலின் எல்லாக் கதவுகளையும் தட்டியபோதும் இந்த ஒரு கதவைக் கொஞ்சம் தயங்கித்தான் தட்டியிருக்கிறது. 2015இல் வந்த 'பிக்கு' என்ற இந்திப்படத்தில் அமிதாப் பச்சன் காலை முதல் இரவு வரை தன் மலச்சிக்கலைப் பற்றியே பேசும் முதியவராக நடித்தார். அரங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் தாத்தாவை நினைத்துச் சிரித்தார்கள்.

திருக்குறளில் மருந்து என்றொரு அதிகாரம் இருக்கிறது. அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பத்துக் குறட்பாக்களில் ஆறு உணவைப் பற்றியவை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணச் சொல்பவை. எங்கள் ஆச்சிக்கு வள்ளுவர் போதவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேதிக்குக் கொடுக்கும் நாள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து, நாக்கின் நடுவில் ஊற்றி, விழுங்கியதும் வாயில் ஒரு துண்டு கருப்பட்டி. பிற்பகல் வரை கொல்லைக்கும் வீட்டுக்கும் நடை. பிறகு குழைந்த சோறும் மிளகு ரசமும். ஆமணக்கு எண்ணெயில் உள்ள ஒரு கொழுப்பமிலம் குடல் தசையைத் தூண்டிச் சுருங்க வைக்கிறது. அதனால்தான் அந்த ஓட்டம். ஆச்சி நம்பியதுபோல அது பூச்சியைக் கொல்லுவதில்லை, குடலின் சுவரில் படிந்திருக்கும் அழுக்கைச் சுரண்டுவதுமில்லை. அப்படி ஒரு படிவமே கிடையாது. குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன் செல்களை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்வது. இன்று கைபேசியில் வருகிற குடல் சுத்திகரிப்பு விளம்பரங்களைப் பார்க்கும்போது ஆச்சியின் விளக்கெண்ணெய்க் கரண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆச்சி காசு வாங்கவில்லை என்பது வேறுபாடு. பூச்சிக்கு அல்பெண்டசோல் மாத்திரை போதும். 2015 முதல் அரசே பள்ளிகளில் அதற்கென நாள் குறித்துக் கொடுத்துவருகிறது.

இந்த விஷயத்தில் எங்கள் சீமைக்கு ஓர் உலகப் புகழ் இருப்பது பலருக்குத் தெரியாது. நிலாவாரை என்ற செடியின் இலையும் நெற்றும் மலமிளக்கிகள். மானாவாரி நிலத்தில் அதிகத் தண்ணீர் கேட்காமல் வளரும். மேலைநாட்டு மருந்து நூல்களில் அதன் பெயரே திருநெல்வேலி சென்னா. ஆங்கிலேயர் வாயில் திரிந்த வடிவமான டின்னெவெல்லி. தூத்துக்குடியில் கப்பலேறி ஐரோப்பாவின் மருந்துக் கடைகளுக்குப் போய், மாத்திரையாகவும் தேநீர்ப் பொட்டலமாகவும் மாறி, அங்கே எத்தனையோ பேரின் காலைப் பொழுதை இலகுவாக்கியிருக்கிறது. என் அம்மாவும் வாரம் இரண்டு முறை அதைத்தான் வெந்நீரில் போட்டுக் குடித்தார். எப்போதாவது குடிப்பதற்கு அது நல்ல மருந்து. காரணம் தேடாமல் ஆண்டுக்கணக்கில் குடித்துக்கொண்டே இருப்பது பற்றி ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னது: கதவு தட்டப்படும்போதெல்லாம் வானொலியின் ஒலியைக் கூட்டி வைப்பது மாதிரி.

அம்மாவின் சிறுவயதில் எங்கள் பக்கத்தில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மற்ற நாட்களில் கம்மங்கஞ்சி, சோளச்சோறு, குதிரைவாலி, தொட்டுக்கொள்ள மொச்சையோ துவையலோ. அம்மா உத்தியோகத்துக்குப் போன பிறகு அரிசி தினமும் வந்தது. அது ஒரு சாதனை. அதை அப்படித்தான் எங்கள் வீட்டில் கொண்டாடினார்கள். கம்பைத் திரும்பத் தொடுவது வறுமைக்குத் திரும்புவதாகத் தோன்றியது. ஹைதராபாத்தின் தேசிய உணவூட்ட நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், நூறு கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் நார்ச்சத்து ஏறத்தாழ 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வரையறுத்தது. வெள்ளைச்சோறு, ரசம், அப்பளம், மோர் என்று இறங்கும் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் எவ்வளவு தேறும் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நார்ச்சத்தைப் பற்றி உலகம் பேசத் தொடங்கியதற்கு டெனிஸ் பர்கிட் என்ற அயர்லாந்து அறுவைமருத்துவர் ஒரு காரணம். சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். உகாண்டாவில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றை 1958இல் விவரித்ததால் அந்நோய் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரை அதற்குப் பிறகு ஆட்கொண்ட கேள்வி எளிமையானது. இங்கிலாந்து மருத்துவமனைகளை நிறைக்கும் மலச்சிக்கல், மூலம், குடல் புற்று போன்றவை ஆப்பிரிக்கக் கிராமத்தவர்களிடம் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கின்றன? எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய சிறு குளிகைகளை மக்களுக்கு விழுங்கக் கொடுத்து, அவை வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். மலத்தை எடை போட்டார்கள். 1972இல் வெளியான அந்த ஆய்வின்படி கிராமத்து ஆப்பிரிக்கர்களின் குடலை உணவு ஒன்றரை நாளில் கடந்தது. ஆங்கிலேயர்களுக்கு மூன்று நாளும் அதற்கு மேலும் ஆனது. மலத்தின் எடையும் கிராமத்தவர்களுக்கு மும்மடங்குக்கு மேல். மலம் பெரிதாக இருக்கும் நாட்டில் மருத்துவமனை சிறிதாக இருந்தால் போதும் என்ற பொருளில் மேடைதோறும் அவர் பகடி செய்வதுண்டு. கேட்டவர்கள் முகம் சுளித்துக்கொண்டே தவிட்டு ரொட்டி வாங்கினார்கள்.

பர்கிட் சொன்ன எல்லாமும் அப்படியே நிலைத்துவிடவில்லை. 2000இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், நார்ச்சத்தைக் கூட்டிச் சில ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கும் குடலில் பாலிப்புகள் திரும்ப முளைத்தது குறையவில்லை. ஆனால் பல நாடுகளில் பெருந்தொகையானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் முழுத்தானியம் உண்பவர்களுக்குக் குடல் புற்று குறைவாகவே காணப்பட்டது. எனக்குப் பிடித்தது 2015இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. அமெரிக்கக் கறுப்பினத்தவர் இருபது பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் இருபது பேர். இரண்டு வாரத்துக்கு இவர்கள் உணவை அவர்களும் அவர்கள் உணவை இவர்களும் உண்ண வேண்டும். அந்தப் பதினான்கு நாட்களிலேயே இரு சாராரின் குடல் நுண்ணுயிர்களின் செயல்பாடும் உட்சுவரின் அழற்சி அடையாளங்களும் இடம் மாறின. அமெரிக்கர்களின் குடலில் நார்ச்சத்தைப் புளிக்க வைத்து உருவாகும் ப்யூட்டிரேட் கூடியது. கிராமத்தவர்களிடம் அது குறைந்தது. நார்ச்சத்து என்பது குடலைக் கூட்டும் விளக்குமாறு என்றே பலகாலம் நினைத்திருந்தோம். உண்மையில் அது அங்கே வாழும் கோடிக்கணக்கான உயிர்களுக்கு நாம் இடும் சோறு. அவை நமக்குத் திருப்பித் தருவதே குடல்சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு.

2001இல் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது. விடுமுறைக்குப் போயிருந்தபோது அடுக்களையில் அரிவாள்மணையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"ஏட்டி, வெளிக்குப் போனா ரத்தமாப் போகுது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். மூலந்தான். ஊசி போட்டுட்டுத்தான் இருக்கேன்."

எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஒருவர் அந்த ஊசியைப் போட்டிருக்கிறார். பெயர் எதற்கு. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கையுறை மாட்டிக்கொண்டு மலக்குடலை விரல்விட்டுப் பரிசோதிக்கவில்லை. அம்மாவும் அதை நல்ல மருத்துவரின் இலக்கணம் என்று மதித்தார். கண்ணியமான மனுஷன், மேலே இருந்தே கேட்டுவிட்டு மருந்து கொடுத்துவிடுவார் என்றார். அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் கட்டிகளில் பல விரலுக்கே தட்டுப்படும். அம்மாவுக்கு இருந்ததும் அப்படிப்பட்டதுதான் என்று பின்னால் மதுரையில் பரிசோதித்த அறுவைமருத்துவர் சொன்னார்.

கேட்கக் கேட்கத்தான் மற்றவையும் வெளிவந்தன. முழுதாகப் போன திருப்தி இல்லாமல் திரும்பத் திரும்பப் போகத் தோன்றியது. மலம் மெலிந்து வந்தது. சில நாள் சிக்கல், சில நாள் சீதம். காரணமில்லாத சோகை. அதற்கு யாரோ இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரையால் மலம் கறுத்தது, இன்னும் இறுகியது. பழக்கம் மாறிச் சில வாரங்களாகியும் பழைய நிலைக்குத் திரும்பாமல் இருப்பது, இரத்தம், விளங்காத சோகை, எடை குறைவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே பார்க்க வேண்டும். மூலம் இருப்பவருக்குப் புற்று வராது என்று விதி ஏதுமில்லை. இரண்டும் ஒரே உடலில் இருக்கலாம், அம்மாவுக்கு இருந்தது.

கதிர்வீச்சு, கீமோதெரபி, பிறகு அறுவை. மலக்குடலை அகற்றி, பெருங்குடலின் முனையை இடப்பக்க வயிற்றில் திறந்து பை பொருத்தினார்கள். அம்மா இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. பேத்தி பக்கத்தில் வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பையை மாற்ற நானும் சித்தியும் கற்றுக்கொண்டோம். தோலைச் சுற்றி அளவெடுத்துத் தகட்டை வெட்ட வேண்டும். ஒரு நூல் கூடினாலும் தோல் வெந்துபோகும். மூன்றாவது வாரம் ஒருநாள் காலை அம்மா என்னைக் கூப்பிட்டார். "பையன் நெறைஞ்சுட்டான், வா" என்றார். எனக்குச் சற்று நேரம் புரியவில்லை. பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் அவன் பையன்தான். பையன் இன்று சமர்த்து, பையன் நேற்று ராத்திரி தூங்கவிடவில்லை என்று வந்தவர்கள் முன்னால் தாராளமாகப் பேசுவோம். இதுவும் இடக்கரடக்கல்தானே என்று கேட்டேன். இல்லை, ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் விளங்குவதால் குழூஉக்குறி என்று திருத்தினார்.

2004இல் கல்லீரலில் பரவி அம்மா இறந்தார். குடல் தாண்டாத நிலையில் கண்டறிந்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பின் ஏழு பேரில் ஒருவர்.

இந்த நோயில் என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் அதன் பொறுமை. பெரும்பாலான குடல் புற்றுகள் உட்சுவரில் முளைக்கும் பாலிப் என்ற சிறு சதை மொட்டிலிருந்து தொடங்குகின்றன. எல்லா மொட்டும் புற்றாவதில்லை. ஆகிறவைக்கும் பத்து ஆண்டுகள் போல அவகாசம் தேவைப்படுகிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் எப்போது கண்டாலும் கம்பி வளையம் ஒன்றால் அறுத்து எடுத்துவிடலாம். 1969இல் நியூயார்க்கில் ஹிரோமி ஷின்யா, வில்லியம் உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் வயிற்றைத் திறக்காமல் கொலனோஸ்கோப்பி குழாய் வழியாகவே பாலிப்பை எடுத்துக் காட்டினார்கள். வருமுன் காப்பது என்று எல்லா நோய்க்கும் சொல்லிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் அது பொருந்துகிற நோய்கள் குறைவு. இந்தியாவில் இந்தப் புற்று மேலைநாடுகளைவிடக் குறைவு என்பதால் எல்லோருக்கும் பரிசோதனை என்ற அரசுத் திட்டம் இல்லை. அமெரிக்காவில் 2021 முதல் நாற்பத்தைந்து வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள். இளையவர்களிடம் இது கூடிவருகிறது. நடிகர் சாட்விக் போஸ்மன் 2020இல் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் பொதுவாக நாற்பது வயதில், அல்லது அவர்களுக்குக் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னதாக, எது முந்துகிறதோ அப்போது.

அந்தக் கணக்குப்படி 2015இல் நான் போனேன். கொலனோஸ்கோப்பியில் கடினமானது பரிசோதனை அல்ல, முந்தின இரவு. உப்புக்கரிக்கும் எலுமிச்சை மணமுள்ள கரைசலை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். ஆச்சியின் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி பெற்றவளுக்கு அது பெரிய விஷயமில்லை. மறுநாள் மயக்க ஊசி போட்டது தெரியும், கண் விழித்தது தெரியும். நடுவில் அரைமணி நேரம். ஆறு மில்லிமீட்டரில் ஒரு பாலிப், அடினோமா வகை, எடுத்துவிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து வரச் சொன்னார்கள். கொரோனாவால் கொஞ்சம் தள்ளி 2021இல் போனேன், ஒன்றுமில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க அதிபர் ஜோ பைடனுக்கும் இதே பரிசோதனை நடந்தது. மயக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு அதிகாரத்தை முறைப்படி துணை அதிபரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதால் கமலா ஹாரிஸ் எண்பத்தைந்து நிமிடம் அதிபரின் அதிகாரத்தை வகித்தார். மன்னார்குடிக்குப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட ஒரு பெண்ணின் கைக்கு, அமெரிக்க வரலாற்றில் முதன்முறையாக, அந்த அதிகாரம் வந்தது ஒரு மனிதரின் பெருங்குடலைப் பார்க்க வேண்டியிருந்ததால். பைடனுக்கும் ஒரு பாலிப் எடுத்தார்கள். அதை வெள்ளை மாளிகை அறிக்கையாகவே வெளியிட்டது. அந்தச் செய்தியை என் அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணன் சென்னையில் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "அதிபருக்கு வேற வேலை இல்ல" என்று பதில் வந்தது.

மதனியிடம் பேசுவேன். அவர் பங்குக்கு வீட்டை மாற்றினார். காலையில் கம்பங்கூழ், மதியம் கீரை, வாரம் மூன்று நாள் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ, பொரித்த இறைச்சியும் ஹாட்டிலிருந்து வரும் சாஸேஜும் குறைவு. (பதப்படுத்திய இறைச்சியைப் புற்று உண்டாக்குவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியது.) மேல்நாட்டுக் கழிப்பறையில் காலடியில் ஒரு மணைப்பலகை போட்டார், முழங்கால் உயர்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகி முக்க வேண்டியது குறைகிறது. அண்ணன் நடைப்பயிற்சிகூடப் போகத் தொடங்கினார். தினமும் போகிறது, ஆட்டுப்புழுக்கை மாதிரி இல்லை, வாழைப்பழம் மாதிரி இருக்கிறது, பிறகென்ன என்பார். (பிரிஸ்டலில் இரண்டு மருத்துவர்கள் 1997இல் மலத்தை ஏழு வடிவங்களாக வகைப்படுத்தினார்கள். அவர்களின் முதல் வகை நம் ஆட்டுப்புழுக்கைதான்.) தினமும் போவதும் போகாததும் அளவுகோல் அல்ல, நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாம் இயல்புதான், பாலிப் எந்தச் சமிக்ஞையும் தராது என்று சொல்லிப் பார்ப்பேன். அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடுவார். ஈமச்சடங்கில்கூட அழாதவர். அம்மாவுக்கு என்ன நோய் என்று கேட்ட உறவினர்களிடம் கடைசி வரை வயிற்றுவலி என்றே சொன்னவர்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்கு அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை.

"முந்தின நாள் என்னெல்லாம் சாப்பிடலாம்?"

இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, கொட்டையுள்ள பழம், முழுத்தானியம் எதுவும் வேண்டாம், அன்றைக்கு மட்டும் வெள்ளைச்சோறுதான் நல்லது என்றேன். முந்தின நாள் இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் விடாத டீ. சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்காதே, உள்ளே இரத்தம் போலத் தெரியும். சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். கரைசலைக் குளிரவைத்துக் குடி, கொஞ்சம் சுலபம்.

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "எத்தனை லிட்டர்?" என்றார்.